திரும்பி வந்து சொல்லுங்கள்: தமிழ்ச் செய்திச் சேனல்களின் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். 2022 அக்டோபர் 18 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஒரே நாளில் இரண்டு விசாரணை ஆணைய அறிக்கைகள் வைக்கப்பட்டன. ஒன்று, முதல்வராக இருந்த ஜெயலலிதாவின் மரணம் பற்றி நீதிபதி ஆறுமுகசாமி ஆணையம் கொடுத்தது. மற்றது, தூத்துக்குடி துப்பாக்கிச் சூடு பற்றி நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் கொடுத்தது. இரண்டுமே உங்கள் சேனல்களில் நாங்கள் நாள்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த விஷயங்கள். அன்று இரவு சேனல் மாற்றி மாற்றிப் பார்த்தேன். யார் மீது நடவடிக்கை பாயும், எந்தக் கட்சிக்கு லாபம், எந்தக் கட்சிக்கு நெருக்கடி என்று எல்லாவற்றையும் பேசினீர்கள். "அன்று நாங்கள் சொன்னதும் இன்று இந்த அறிக்கை சொல்வதும் ஒத்துப்போகவில்லை. எங்கே தவறினோம் என்று எங்கள் பழைய ஒளிபரப்பை எடுத்துப் பார்க்கிறோம்" என்று ஒரு சேனலாவது சொல்லும் என்று காத்திருந்தேன். நான் பார்த்தவரை யாரும் சொல்லவில்லை.

இந்த மடலை எழுதத் தூண்டியது அந்த இரவுதான். நான் தஞ்சை மாவட்டத்தில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர். செய்தி பார்ப்பதும் படிப்பதும் என் வேலையின் ஒரு பகுதி. ஊடகங்களைத் திட்டித் தீர்ப்பதற்காக எழுதவில்லை. திட்டுகிறவர்கள் ஏற்கெனவே போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சார்பு இருப்பதால் எங்கள் நம்பிக்கை போனது என்று நீங்கள் நினைத்தால், அது சரியான கணக்கு இல்லை. தமிழ்நாட்டுப் பார்வையாளருக்குச் சார்பு பழகிய விஷயம். கட்சிக்கொரு சேனல் இருக்கும் ஊர் இது. 2001 ஜூன் 30 அதிகாலையில் கருணாநிதி கைது செய்யப்பட்டபோது, சன் டிவி அவரைப் போலீஸார் இழுத்துச் செல்லும் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டது. ஜெயா டிவி வேறு காட்சிகளைக் காட்டி வேறு கதை சொன்னது. எங்கள் தெருவில் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தோம். இதில் கொஞ்சம் கழித்து, அதில் கொஞ்சம் கழித்து, மிச்சம் நிற்பதை எடுத்துக்கொண்டோம். பேசுவது யார் என்று தெரிந்திருந்ததால் எவ்வளவு தள்ளுபடி செய்வது என்பதும் தெரிந்திருந்தது. அதுவும் ஒரு வகை நம்பிக்கைதான்.

அப்புறம் 2011இல் புதிய தலைமுறை வந்தது, 2012இல் தந்தி டிவி வந்தது, அடுத்தடுத்து மற்றவையும் வந்தன. கட்சிக் கொடி இல்லாத இருபத்து நான்கு மணிநேரத் தமிழ்ச் செய்தி. ஆளுங்கட்சிக்காரரும் எதிர்க்கட்சிக்காரரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பதில் சொல்வதை எங்கள் வீட்டுக் கூடத்தில் முதன்முதலாகப் பார்த்தோம். அந்த ஆண்டுகளில் இரவு ஒன்பது மணி விவாதத்தைத் தவறவிடாமல் பார்த்துவிட்டு மறுநாள் ஆசிரியர் அறையில் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம். இனி கழித்துப் பார்க்க வேண்டியதில்லை, சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் மெல்ல வந்தது. அப்படி நம்ப ஆரம்பித்திருந்த நேரத்தில் 2016 வந்தது.

செப்டம்பர் 22 இரவு முதல்வர் அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு என்றார்கள். காய்ச்சல் சரியாகிவிட்டது, வழக்கமான உணவு எடுத்துக்கொள்கிறார் என்றார்கள். காவிரிப் பிரச்சினை பற்றி மருத்துவமனையிலேயே அதிகாரிகளுடன் ஆலோசனை நடத்தினார் என்று அரசின் செய்திக்குறிப்பு வந்தது. அக்டோபர் முதல் வாரம் முடிவதற்குள் சுவாச உதவி, நோய்த்தொற்று, லண்டனில் இருந்து மருத்துவர், இன்னும் நீண்ட நாள் மருத்துவமனையில் இருக்க வேண்டும் என்று அறிக்கை வந்தது. வழக்கமான உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் இரண்டு வாரத்தில் எப்படிச் சுவாச உதவிக்குப் போனார்? எந்த வீட்டிலும் யாருக்கும் தோன்றக்கூடிய கேள்வி இது. கிரீம்ஸ் சாலையில் உங்கள் நேரலை வண்டிகள் இரவு பகலாக நின்றன. முதல் அறிக்கையையும் புதிய அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடையில் இருக்கும் ஓட்டை என்ன என்று எங்களுக்குக் காட்ட ஒரு நிமிடம் போதும். அதைச் செய்யாமல், வந்த குறிப்பை வாசித்தீர்கள். அமைச்சர்கள் வெளியே வந்து சொன்னதை வாசித்தீர்கள். பால்குடம், மண்சோறு, சிறப்பு யாகம் என்று காட்டினீர்கள்.

எங்கள் பள்ளியில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தினமும் ஒரு மாணவர் "இன்றைய முக்கியச் செய்திகள்" வாசிப்பார். திருக்குறள், பொன்மொழி, அதற்கடுத்துச் செய்தி. எந்தச் செய்தியை வாசிக்க வேண்டும் என்று முதல் நாளே குறித்துக் கொடுப்பது என் பொறுப்பு. அந்த அக்டோபர் முழுக்க "முதல்வர் நலமுடன் இருக்கிறார், விரைவில் வீடு திரும்புவார்" என்பதே முதல் செய்தி. ஒருநாள் வாசிக்க வேண்டிய ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், யாருமே பார்க்கலைன்னா நல்லா இருக்காங்கன்னு எப்படி சார் வாசிக்கிறது?" என்று கேட்டாள். "மருத்துவமனை அறிக்கை தெரிவிக்கிறது என்று சேர்த்து வாசி" என்றேன். அவளும் அப்படியே வாசித்தாள். பதினான்கு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிப் புரியவைக்க முடிந்த அந்த ஒரு வரியை உங்கள் செய்தி அறைகளில் பல நேரம் காணவில்லை. "முதல்வர் நலம்" என்று சிவப்புப் பட்டையில் போட்டீர்கள். சொன்னது யார் என்பது இல்லை.

அதே மாதம், முதல்வர் உடல்நிலை பற்றி வதந்தி பரப்பியதாகச் சொல்லி சமூக வலைத்தளங்களில் எழுதியவர்கள் மீது வழக்குகள் போடப்பட்டன, சிலர் கைதும் ஆனார்கள். வதந்தி எங்கே முளைக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

டிசம்பர் 5 மாலையை எப்படி மறப்பது? ஐந்தரை மணி வாக்கில் சில சேனல்கள் முதல்வர் காலமானார் என்று அறிவித்தன. ராயப்பேட்டையில் கட்சித் தலைமையகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. கொஞ்ச நேரத்தில் மருத்துவமனை மறுத்தது. கொடி மறுபடி மேலே ஏறியது. திரையில் இருந்த வரி மறைந்து வேறு வரி வந்தது. நள்ளிரவுக்குப் பிறகு, இரவு 11.30 மணிக்கு இறந்தார் என்று அதிகாரபூர்வமாக அறிவித்தார்கள். மாலையில் சொன்னதை எங்கிருந்து பெற்றீர்கள், ஏன் எடுத்தீர்கள் என்று அன்றும் சொல்லவில்லை, அடுத்த வாரமும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி அந்த மாலையில் அழுது, நிறுத்தி, நள்ளிரவில் மறுபடி அழுதார். "அப்போ முதல்ல சொன்னது யாரு?" என்று மறுநாளும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

2017 செப்டம்பரில் அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசன் மதுரைப் பொதுக்கூட்டத்தில், அம்மா இட்லி சாப்பிட்டார் என்று நாங்கள் சொன்னது பொய், எங்களை மன்னித்துவிடுங்கள் என்று மேடையிலேயே கேட்டார். நீங்கள் அதைத் தலைப்புச் செய்தி ஆக்கினீர்கள். அந்தப் பொய்யை வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுத்தது உங்கள் திரை. பொய் சொன்ன அமைச்சர் மன்னிப்புக் கேட்டுவிட்டார். கொண்டுவந்து கொடுத்தவர்கள் கேட்கவில்லை. பிறகு ஆறுமுகசாமி ஆணையம், சாட்சியங்களின்படி ஜெயலலிதா இறந்தது டிசம்பர் 4 பிற்பகல் 3 மணிக்கும் 3.50க்கும் இடையில் என்று எழுதியது. அறிவிக்கப்பட்ட நேரத்துக்கும் இதற்கும் ஒரு நாளைக்கு மேல் வித்தியாசம். எய்ம்ஸ் மருத்துவர் குழு, சிகிச்சை சரியாகவே தரப்பட்டது என்று சொல்லியிருந்தது. இதில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் அந்த முப்பது சொச்சம் மணி நேரமும் மருத்துவமனை வாசலில் இருந்தவர்கள் உங்கள் நிருபர்கள். என்ன பார்த்தார்கள், என்ன கேட்டார்கள், எதைச் சொல்ல விடவில்லை என்று அவர்கள் வாயால் கேட்க வேண்டியது எங்கள் உரிமை.

அரசு எதையும் வெளியே விடவில்லை, நாங்கள் என்ன செய்ய முடியும் என்று நீங்கள் கேட்கலாம். 1984இல் எம்.ஜி.ஆர். இதே அப்போலோவில் சேர்க்கப்பட்டார். சிறுநீரகம் பழுது, அடுத்து பக்கவாதம் என்பதெல்லாம் மக்களுக்குத் தெரிந்திருந்தது. சுகாதார அமைச்சர் ஹண்டே பத்திரிகையாளர்களிடம் தொடர்ந்து பேசினார். நியூயார்க் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்து புகைப்படமும் வீடியோவும் வந்தன. அவை தேர்தலுக்குப் பயன்பட்டன என்பது உண்மைதான். இருந்தாலும் என்ன நோய், எங்கே இருக்கிறார் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. இருபத்து நான்கு மணிநேரச் செய்தி சேனல் ஒன்றுகூட இல்லாத காலம் அது.

உங்களுக்கு இருந்த நெருக்கடியைத் தெரியாதவன் இல்லை நான். 2011இல் இருந்து ஐந்தாண்டுகளில் தமிழ்நாட்டு அரசு போட்ட அவதூறு வழக்குகள் 200க்கும் மேல். அவற்றில் கணிசமானவை ஊடகங்கள் மீது. அரசு கேபிள் டிவி கையில் இருந்ததால், பிடிக்காத சேனலை யாரும் தேடாத எண்ணுக்குத் தள்ள ஒரு உத்தரவு போதும். 2018 ஜூனில் கோவையில் நடந்த ஒரு விவாத நிகழ்ச்சிக்காகப் புதிய தலைமுறை மீது வழக்கே போட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் நக்கீரன் கோபாலைக் கைது செய்து, ஆளுநர் வேலையில் குறுக்கிட்டதாகச் சட்டப்பிரிவு 124இல் சிறைக்கு அனுப்பப் பார்த்தார்கள். நீதித்துறை நடுவர் ஏற்கவில்லை. இந்து என். ராம் நீதிமன்றத்துக்கே வந்து அவருக்காகப் பேசினார். அப்படியும் நடந்திருக்கிறது.

நான் கேட்பது, நெருக்கடி இருந்தால் நெருக்கடி இருக்கிறது என்று எங்களிடம் சொல்லுங்கள் என்பதுதான். நெருக்கடி நிலை வந்த சில நாட்களில், 1975 ஜூன் 28 அன்று, டெல்லி இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கப் பகுதியை வெற்றிடமாக விட்டது. துக்ளக் கறுப்பு அட்டையோடு வந்தது. அதில் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் கையில் எடுத்த எல்லோருக்கும், நம்மிடமிருந்து ஏதோ மறைக்கப்படுகிறது என்பது புரிந்தது. 2016இல் ஒருநாள், ஒரே ஒருநாள், "எங்களை உள்ளே விடவில்லை, நாங்கள் வாசிப்பது அவர்கள் கொடுத்ததை மட்டுமே, சரிபார்க்க வழியில்லை" என்று செய்தியின் தொடக்கத்தில் சொல்லியிருந்தால், அந்த 75 நாட்களுக்கும் உங்களை மன்னித்திருப்போம். சொல்லியிருந்தால் நம்பிக்கை கூடியிருக்கும் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

தூத்துக்குடிக்கு வருகிறேன். 2018 மே 22, ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். வேன் மேல் ஏறி நின்று ஒருவர் குறிபார்த்த காட்சி நாடு முழுக்கப் போனது. அது ஒரு ஒளிப்பதிவாளர் உயிரைப் பணயம் வைத்து எடுத்தது. அன்று களத்தில் நின்ற நிருபர்கள் மீது எனக்கு இன்றும் மரியாதை உண்டு. ஆனால் அன்று மாலையே ஸ்டூடியோவுக்குள் "சமூக விரோதிகள் ஊடுருவினார்களா?" என்பது தலைப்பாகிவிட்டது. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்காமலேயே அதை வைத்து நாள்கணக்கில் விவாதம் ஓடியது. மூன்று மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தியிருந்தார்கள். அங்கிருந்து பேசவேண்டியவர்கள் பேசமுடியாத நேரத்தில், சென்னையில் உட்கார்ந்து அவர்களைப் பற்றி மற்றவர்கள் பேசினார்கள். நாலரை ஆண்டு கழித்து வந்த அறிக்கை, கலைந்து ஓடியவர்களைப் போலீஸார் சுட்டார்கள் என்றது. 17 காவல்துறையினர் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சொன்னதை, அதிகாரிகள் அவருக்கு உடனுக்குடன் தகவல் கொடுத்த சாட்சியத்தை வைத்து ஆணையம் ஏற்க மறுத்தது. ஒரு முதல்வர் உங்கள் திரையைத் தனக்குச் சாக்காகப் பயன்படுத்தியிருக்கிறார். அதற்குக்கூட உங்களுக்குக் கோபம் வரவில்லையே.

ஸ்டூடியோவைக் குறை சொன்னேன், களத்தைச் சொல்லவில்லை. காரணம் உண்டு. என்னிடம் படித்த ஒருவர் இப்போது ஒரு சேனலுக்குத் தாலுகா நிருபர். சம்பளம் கிடையாது. எடுக்கப்படும் செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு. பெட்ரோல் அவர் செலவு, கேமராவும் அவருடையது. தலைவர்கள் பிறந்தநாள், பொங்கல், தீபாவளி வந்தால் விளம்பரம் பிடித்துத் தர வேண்டும், அதற்கு இலக்கு வேறு. கொள்ளிடக் கரையில் இரவில் மணல் அள்ளுவதை வீடியோ எடுத்து அனுப்பினார். எடுக்கவில்லை. விசாரித்தால், போன பொங்கலுக்கு அவரே பிடித்துக்கொடுத்த விளம்பரக்காரரின் லாரிகளும் அதில் இருந்தனவாம். "அடுத்த தடவை விளம்பரம் கேட்டு அவர்கிட்டதான் சார் போகணும்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை, பழகிவிட்டது. செய்தியாளர் சந்திப்பில் கவர் கொடுக்கிறார்கள், வாங்குகிறார்கள் என்று ஊரே பேசுகிறது. சம்பளம் கொடுக்காமல் அடையாள அட்டையை மட்டும் கொடுத்து ஒருவரை ஊருக்குள் அனுப்பினால் என்ன நடக்கும்? அவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த ஏற்பாட்டை வைத்திருக்கும் உங்கள் நிர்வாகங்களைத்தான் சொல்வேன்.

உங்களை விட்டு விலகியவர்கள் எங்கே போனார்கள் என்பதையும் பாருங்கள். தூத்துக்குடி நடந்த அதே 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடிப் போன 65 வயது மூதாட்டியை ஊர் கூடி அடித்தே கொன்றது. குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார், அவ்வளவுதான். குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்தியை நம்பியிருந்தார்கள். டிவியில் வரவில்லையே என்று சொன்னால், "டிவிக்காரன் மறைக்கிறான்" என்பது இன்று எங்கள் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் பதில். அந்தப் பதிலுக்கு இடம் கொடுத்ததில் 2016இன் பங்கு பெரியது. படித்தவர்களும் இதே பதிலைத்தான் சொல்கிறார்கள். என் மாணவர்கள் சேனல் பெயரைப் பார்ப்பதில்லை, சிவப்பு அம்புக்குறி போட்ட யூடியூப் முகப்புப் படத்தைப் பார்க்கிறார்கள். வருத்தம் என்னவென்றால், உங்கள் யூடியூப் பக்கமும் இப்போது அதே அம்புக்குறியோடுதான் இருக்கிறது. "அதிர்ச்சி", "பரபரப்பு", "நடந்தது என்ன?" என்று போட்டு உள்ளே போனால் ஒன்றும் நடந்திருப்பதில்லை.

சரி, என்ன செய்யலாம்? வழி தெரியாத விஷயம் இல்லை. சென்னையிலிருந்து வரும் தி இந்து 2006லேயே வாசகர் ஆசிரியர் என்று ஒருவரை நியமித்து, திருத்தங்களைப் பத்திரிகையில் வெளியிட ஆரம்பித்தது. ஊர்ப் பெயர் தவறு, எண் தவறு, படத்தின் கீழ் பெயர் மாறிவிட்டது என்று சின்னச் சின்னத் திருத்தங்கள். சின்னதைத் திருத்துகிறவர் பெரியதையும் திருத்துவார் என்று வாசகருக்குத் தோன்றும். ஒரு தமிழ்ச் செய்திச் சேனல் இரவு எட்டு மணிச் செய்தியின் முடிவில் இரண்டு நிமிடம் ஒதுக்கி, இன்று நாம் தவறாகச் சொன்னவை இவை என்று வாசித்தால் என்ன குறைந்துவிடும்? எந்த அளவு எழுத்தில் பிரேக்கிங் போட்டீர்களோ, அதே அளவு எழுத்தில் திருத்தத்தையும் போடுங்கள். யார் சொன்னது என்பதைப் பட்டையிலேயே சேருங்கள். சரிபார்க்க முடியாததை, சரிபார்க்க முடியவில்லை என்ற வார்த்தையோடு கொடுங்கள். தாலுகா நிருபருக்கு மாதச் சம்பளம் கொடுங்கள், விளம்பரம் பிடிக்கும் வேலையை அவரிடமிருந்து எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

அப்புறம் ஒன்று. உங்கள் பழைய ஒளிப்பதிவுகள் உங்களிடம்தான் இருக்கின்றன. வருகிற டிசம்பர் 5 அன்று நினைவு நாள் என்று மெரினாவில் அஞ்சலிக் காட்சிகளைக் காட்டுவீர்கள். அன்று ஒரு மணி நேரம், 2016 செப்டம்பர் 22இல் இருந்து நாள்வாரியாக நீங்கள் ஒளிபரப்பியதை எடுத்துப் போட்டு, அந்த வாசலில் நின்ற நிருபர்களை உட்காரவைத்துப் பேசவிடுங்கள். கட்சிப் பேச்சாளர்கள் வேண்டாம்.

2021 ஜூனில் திருத்தப்பட்ட கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி ஒவ்வொரு சேனலும் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும், புகாருக்கு 15 நாளில் பதில் தர வேண்டும். அவர் யார், அவருக்கு எப்படி எழுதுவது என்பதைத் தமிழில், திரையில், தினமும் ஒரு முறை போடுங்கள். எங்கள் ஊரில் பெரும்பாலானவர்களுக்கு அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. 2016 டிசம்பர் 5 மாலை ஐந்தரை மணிக்கு அந்தச் செய்தியை எந்த ஆதாரத்தில் வெளியிட்டீர்கள் என்ற கேள்வியை, அன்று அதை அறிவித்த சேனல்களின் குறைதீர் அலுவலர்களுக்கு இந்த வாரமே தனித்தனியாக அனுப்புகிறேன். பதில் எந்தச் சேனலில் இருந்து வந்தாலும் அதை என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவேன்.

அன்புடன்,
தஞ்சை மாவட்டத்திலிருந்து ஒரு சமூக அறிவியல் ஆசிரியர்